காய்ந்த புல்லின் நிறம்

புரோகோப்பி கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்,
அடிபட்ட நாய்க்குட்டியை ஏந்தி வருவதுபோல.
மேசைமேல் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினான்.
நான்தான் பிரித்தேன்.

விளிம்பில் ஒரு பிறை போயிருந்தது,
சுண்டுவிரல் நகமளவு.

"ஐம்பத்து மூன்று," என்றான்.
பூஜ்யத்துக்குக் கீழே என்று வில்யூய் கரையில்
யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.
"மீன் விறகுக்கட்டையாய் உறைந்திருந்தது.
சீவும்போது முள்ளில் பட்டது.
உடைந்த துண்டைத் தேடித் தேடி
கடைசியில் மீனை நாய்களுக்கும் போடவில்லை."

இரும்பின்மேல் பழிபோட வழியிருந்தது எனக்கு.
குவாரிப் பாதையில் செத்துக் கிடந்த லாரியின் பேரிங்,
உள்ளே என்ன நோயோ, யார் கண்டது,
என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.
ஆனால் சாணையில் வைத்துப் பார்த்து எடுத்தவள் நான்.
வேலிக்கம்பியின் பொறி நீண்ட வெறுங்கோடு.
வில்பட்டையின் பொறி ஓரிரு கிளை விட்டு அணையும்.
இதுவோ கிளைக்குள் கிளையாய் வெடித்து
என் கம்பளிச் சட்டையில் ஓட்டை போட்டது.
நல்ல எஃகு. கரி நிறைந்தது.

காய்ச்சியதிலும் குறையில்லை.
டிசம்பரில் எங்களுக்குப் பகல் ஐந்து மணிநேரம்,
மிச்சமெல்லாம் பட்டறைக்கு ஏற்ற இருட்டு.
காந்தத்தை விட்டு விலகிய பிறகும் பொறுத்தேன்.
சிவப்புக்குள் ஒரு நிழல்
நுனியிலிருந்து அடிக்கு நடந்துபோனது,
பனிவெளியில் மேகநிழல் போவதுபோல.
அது கடந்ததும் இன்னும் கொஞ்சம்.
எண்ணெய் அந்தக் குளிரில் பாகாய் இறுகியிருந்தது.
பழைய போல்ட் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சிப் போட்டு
முதலில் எண்ணெயை எழுப்பினேன்.
பிறகு கத்தி.
காதைக் கொடுத்துக் கேட்டேன்.
'டிக்' என்ற அந்தச் சாவுச்சத்தம் வரவில்லை.
அரம் வைத்தால் கண்ணாடிமேல் போல் வழுக்கியது.

மிச்சம் பதம்தான்.

அதற்கென்று உலை கிடையாது என்னிடம்.
அக்காள் வார்வாராவின் ரொட்டி அடுப்புதான்.
இரண்டு மணிநேரம், ஆறவிட்டு, மறுபடி இரண்டு.
ஒரு மணிநேரத்தில் அவள் எட்டிப்பார்த்தாள்,
முழங்கைவரை மாவு.
"இன்னும் எவ்வளவு நேரம்?"
"ஆயிற்று," என்றேன்.

எஃகின்மேல் காய்ந்த புல்லின் நிறம் வந்திருந்தது.
ஜூலையில் ஏரிக்கரையில் குதிரைகளுக்காக அறுத்த புல்
மூன்றாம் நாள் இருக்குமே, அந்த மஞ்சள்.
அழகாயிருந்தது.
நிறம் தோலோடு நின்றுவிடும் என்று
எனக்குத் தெரியாதா?

"கூர் எப்படி இருந்தது?" என்று கேட்டேன் புரோகோப்பியை.
"அதை ஏன் கேட்கிறாய்?
மயிர் தானாகவே ஒதுங்கி வழிவிட்டது."
அந்தப் புகழ்ச்சியில்தான் காது சுட்டது எனக்கு.
அக்காளின் மாவு ஒரு சாக்கு.
அந்தக் கடினத்தில் ஒரு மணிகூட
விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பர்ச் கணுவில் போட்ட பிடியைப் பிளந்து எடுத்தேன்.
பிறை மறையும்வரை தேய்த்தேன்,
நனைத்து நனைத்து, சூடேறாமல்.
இரவு பதினொன்றுக்கு, வீடு உறங்கியபின்,
அடுப்பைச் சென்றமுறையைவிடக் கூட வைத்தேன்.
இரண்டு மணிநேரம்.
சன்னலில் பனிப்பூ வளர்வதைப் பார்த்துக்கொண்டு
மறுபடி இரண்டு.
பாலில்லாத தேநீரின் நிறத்தில் வெளியே வந்தது.

மறுநாள் முழுக்க முற்றத்து வேலியில் தொங்கவிட்டு,
உறைந்த கடமான் எலும்பில் அடித்தேன்.
ஒருமுறை. பிறகு, என்மேல் நம்பிக்கையின்றி, ஆறுமுறை.
விளிம்பு அப்படியே இருந்தது.

புரோகோப்பி கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.
"கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது.
பழைய கூரும் இல்லை."
"இல்லை," என்றேன்.
பணத்தை எண்ணி வைத்தான். நான் வாங்கவில்லை.
அவனும் எடுத்துப்போகவில்லை.

அந்தவாரத்து ரொட்டியில் எண்ணெய் நாற்றம்.
வார்வாரா ஒரு துண்டைப் பிய்த்து மோந்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.
"நாலு மணிநேரம் வேண்டுமென்றால்
கேட்கவேண்டியதுதானே?"